காங்கேசன்துறையின் உறுப்பினர்: தந்தை செல்வாவின் வாழ்வும் தேர்தல்களும்



நமது மலருக்குப் பிள்ளைகள் அறிய வேண்டிய ஒருவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, நான் தாதி, எழுத்தாளர் அல்ல என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, ஞாயிறு பாடசாலை முடிந்த பின் பிள்ளைகளிடம் தந்தை செல்வா யார் என்று கேட்டிருந்தேன். ஒரு பிள்ளை, லா சப்பலில் கடை வைத்திருக்கும் மாமாவா என்று திருப்பிக் கேட்டது. எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு அந்தச் சிரிப்பு நிற்கவில்லை, மனவருத்தமும் நிற்கவில்லை. என் அம்மம்மா காங்கேசன்துறைத் தொகுதியில் வாழ்ந்து, அவருக்கு வாக்களித்தவர். ஆகவே பிள்ளைகளே, இதை அம்மம்மா சொல்லும் கதையைப் போலக் கேளுங்கள். பெரியவர்களும் பக்கத்தில் இருந்து கேட்கலாம்.

ஈப்போவிலிருந்து தெல்லிப்பழைக்கு

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி மலாயாவில், ஈப்போ என்னும் நகரில் பிறந்தார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தவர் பலர் வேலை தேடி மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். அவருடைய தகப்பனாரும் அப்படிப் போனவர்தான். ஆகவே நம்மைப் போலவே அவரும் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. நாலு வயதளவில் தாயார் பிள்ளைகளைப் படிப்புக்காகத் தெல்லிப்பழைக்குக் கூட்டி வந்தார். தகப்பனார் அங்கே, தாயும் பிள்ளைகளும் இங்கே. இப்படிப் பிரிந்திருக்கும் குடும்பங்கள் நமது சபையிலும் உண்டு.

தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரி, கொழும்பு பரி. தோமாவின் கல்லூரி ஆகியவற்றில் படித்தார். பின்னாளில் இலங்கையின் பிரதமரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவும் அதே காலத்தில் தோமாவின் கல்லூரியில் படித்தவர். பள்ளிக்கூடத்தில் ஒருவரையொருவர் பார்த்த அந்த இருவரும் ஒரு நாள் ஒரு மேசையில் இருந்து கையெழுத்திடப் போகிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

இருபது வயதில் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் படித்துப் பெற்றார். விஞ்ஞான ஆசிரியராகக் கொழும்பு வெஸ்லி கல்லூரியில் கற்பித்துக்கொண்டே சட்டம் படித்தார். 1923இல் சட்டத்தரணியானார். காணி, சொத்து, உறுதி போன்ற சிவில் வழக்குகளில் அவருக்குப் பெரிய பெயர். மேடையில் முழங்குகிறவர் அல்ல. கோப்பை முழுவதும் படித்து, தாழ்ந்த குரலில், தேவையானதை மட்டும் சொல்லுகிறவர். 1927இல் தெல்லிப்பழையைச் சேர்ந்த எமிலி கிரேஸ் அம்மையாரை மணந்தார். நான்கு ஆண் பிள்ளைகளும் ஒரு பெண் பிள்ளையும் பிறந்தார்கள். கொழும்பில் வீடு, நல்ல வருமானம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயம். இப்படியே வாழ்ந்து முடித்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

1947: முதல் வெற்றி

1944இல் ஜி.ஜி. பொன்னம்பலம் தொடங்கிய அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசில் அவரும் சேர்ந்தார். 1947இல் இலங்கையின் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் வந்தது. காங்கேசன்துறைத் தொகுதியில் போட்டியிட்டு வென்றார். அப்போது அவருக்கு 49 வயது.

இந்தத் தொகுதியைப் பற்றிப் பிள்ளைகள் ஒன்றை அறிய வேண்டும். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலும் கீரிமலை நகுலேஸ்வரமும் இருக்கும் மண் அது. வாக்காளர்களில் மிகப் பெரும்பாலானோர் சைவசமயத்தவர். அவர்களிடம்தான் கிறிஸ்தவரான இவர் வாக்குக் கேட்டார். எதிர்த்தரப்பார் இவருடைய மதத்தை எடுத்துப் பேசியதும் உண்டு. அவர் தம் விசுவாசத்தை மறைக்கவும் இல்லை, அதை வைத்து வாக்குச் சேர்க்கவும் இல்லை. என் அம்மம்மாவும் அந்த நாட்களில் சைவம்தான். எங்கள் குடும்பம் கிறிஸ்தவத்துக்கு வந்தது பிறகு. செல்வநாயகம் வேதக்காரர் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அவர் பொய் சொல்லமாட்டார் என்பதும் எல்லோருக்கும் தெரியும் என்று அம்மம்மா அடிக்கடி சொல்லுவார்.

தன்னைத் தொடாத ஒரு சட்டம்

1948இல் நாடு சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டு பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழரில் சுமார் ஏழு இலட்சம் பேர் அந்தச் சட்டத்தால் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவர்கள் ஆனார்கள். தகப்பனாரும் பாட்டனாரும் எங்கே பிறந்தார்கள் என்பதற்குப் பத்திரம் காட்டு என்றால், லயன் அறையில் வாழ்ந்தவர்களிடம் பத்திரம் எங்கே இருக்கும்? பின்னர் அவர்களுடைய வாக்குரிமையும் போயிற்று.

பத்திரம் இல்லாமல் இருப்பது என்னவென்று நமது சபையில் பெரியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கார்த் து செஜூர் வரும் வரைக்கும் எத்தனை வருடம் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்திருப்போம்! நாம் பார்த்திருந்தது வந்து சேர்ந்த நாட்டில். அவர்களுக்கோ பிறந்த நாட்டிலேயே அந்த நிலை.

இந்தச் சட்டம் செல்வநாயகத்தைத் தொடவில்லை. அவருடைய தொகுதியிலும் இதனால் பாதிக்கப்பட்டவர்கள் மிகக் குறைவு. அவர் பேசாமல் இருந்திருக்கலாம். ஜி.ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானபோது, இவர் கட்சியை விட்டு வெளியே வந்தார். இன்றைக்கு அவர்களுக்கு நடந்தது நாளைக்கு மொழியின் பேரால் நமக்கும் நடக்கும் என்பதை அவர் கண்டார். கு. வன்னியசிங்கம், டாக்டர் இ.மு.வி. நாகநாதன் ஆகியோருடன் சேர்ந்து, 1949 டிசம்பர் 18ஆம் திகதி கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தமிழர் வாழும் வடக்குக்கும் கிழக்குக்கும் சமஷ்டி முறையில் தன்னாட்சி வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. சமஷ்டி என்றால் ஒரே நாட்டுக்குள் ஒவ்வொரு பகுதியும் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்வது. சுவிற்சர்லாந்தில் இருக்கும் உங்கள் மச்சான் மச்சாளைக் கேட்டால், அங்கே கன்ரோன்கள் எப்படி நடக்கின்றன என்று சொல்லுவார்கள்.

1952: தோல்வி

கட்சி தொடங்கி மூன்று வருடம் ஆகுமுன் தேர்தல் வந்தது. காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் சு. நடேசன் எதிர்த்து நின்றார். அவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன், கல்விமான், செல்வாக்குள்ளவர். செல்வநாயகம் தோற்றார். நாடு முழுவதிலும் தமிழரசுக் கட்சிக்கு இரண்டே இரண்டு ஆசனங்கள்தான் கிடைத்தன. கோப்பாயில் வன்னியசிங்கமும் திருகோணமலையில் இராஜவரோதயமும் வென்றார்கள். தலைவரோ வீட்டில்.

அவருக்கு அப்போது 54 வயது. வழக்குகள் காத்திருந்தன. அரசியல் போதும் என்று திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் ஊர் ஊராகப் போய், சிறு கூட்டங்களில் அமைதியாக அதே காரியத்தைத் திரும்பத் திரும்ப விளக்கினார். இந்த நான்கு வருடங்களைப் பற்றிப் பெரிதாக யாரும் எழுதுவதில்லை. ஆனால் அவர் யார் என்பதை எனக்குக் காட்டுவது இந்த நான்கு வருடங்கள்தான்.

1956 முதல் 1970 வரை

1956இல் சிங்களம் மட்டும் என்ற முழக்கத்தோடு பண்டாரநாயக்கா ஆட்சிக்கு வந்தார். அதே தேர்தலில் காங்கேசன்துறை மக்கள் செல்வநாயகத்தைத் திரும்ப அழைத்தார்கள். அவரது கட்சிக்கு 10 ஆசனங்கள். இரண்டு, பத்தாயிற்று.

யூன் 5ஆம் திகதி சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. அன்று அவரும் தோழர்களும் பாராளுமன்றத்துக்கு எதிரே காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காந்தியடிகளின் வழியில், கையில் ஒன்றும் இல்லாமல், நிலத்தில் அமர்ந்தார்கள். ஒரு கூட்டம் வந்து அவர்களை அடித்தது. அ. அமிர்தலிங்கம் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு சபைக்குள் போனார். அடித்தவர்களை யாரும் திருப்பி அடிக்கவில்லை.

மறு வருடம், 1957 யூலை 26ஆம் திகதி, நான் முன்பு சொன்ன கையெழுத்து. பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம். பிரதேச சபைகள் அமைப்பது, வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம் நடத்துவது, குடியேற்றக் காரியங்களில் அந்தச் சபைகளுக்கு அதிகாரம் கொடுப்பது என்பன அதில் இருந்தன. அவர் கேட்ட சமஷ்டி அதில் இல்லை. முழுவதும் கிடைக்காவிட்டாலும் கிடைத்ததைக் கொண்டு சமாதானமாக வாழ வழி பார்த்தார். ஆனால் 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டுக்கு முன்னால் வந்து அமர்ந்தபோது, அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதம் இனக்கலவரம். தமிழர் பலர் உயிரிழந்தார்கள், அகதிகளாகக் கப்பலில் வடக்கே வந்தார்கள். கட்சி தடைசெய்யப்பட்டது. தலைவர்கள் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்கள்.

1960இல் மார்ச்சில் ஒன்று, யூலையில் ஒன்று என இரண்டு தேர்தல்கள். இரண்டிலும் வென்றார். கட்சி முதலில் 15, பிறகு 16 ஆசனங்களைப் பெற்றது.

1961 பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அது மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா என்று பரவியது. பெண்களும் திரளாக வந்து வாசலில் அமர்ந்தார்கள். வாரக்கணக்கில் அரசாங்க வேலைகள் நின்றன. ஏப்ரலில் தமிழரசுத் தபால் சேவை என்று தொடங்கித் தாங்களே முத்திரை வெளியிட்டார்கள். அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தைக் கொண்டு வந்து, இராணுவத்தை அனுப்பியது. அவரும் மற்றத் தலைவர்களும் பனாகொடை இராணுவ முகாமில் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள்.

1965இல் மீண்டும் வெற்றி. கட்சிக்கு 14 ஆசனங்கள். யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் டட்லி சேனநாயக்காவோடு ஒப்பந்தம் செய்து அவருடைய அரசாங்கத்துக்கு ஆதரவு கொடுத்தார். மாவட்ட சபைகள் வரும் என்று உறுதி தரப்பட்டது. அதுவும் நடக்கவில்லை. 1968இல் கட்சி வெளியேறியது. 1970இல் தமிழரசுக் கட்சிக்கு 13 ஆசனங்கள். அமிர்தலிங்கமும் நாகநாதனும் தோற்ற அந்தத் தேர்தலில், செல்வநாயகத்தைக் காங்கேசன்துறை மக்கள் கைவிடவில்லை.

இரண்டு ஒப்பந்தங்களும் முறிந்த பின் அவரைக் குறைசொன்னவர்கள் நம்மவர்களிலும் இருந்தார்கள். கொழும்புத் தலைவர்களை அளவுக்கு மிஞ்சி நம்பிவிட்டார் என்றார்கள். அந்தக் குறையில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொடுத்த வாக்கை மீறியவர் அவர் அல்ல.

நடுங்கும் கையும் தாழ்ந்த குரலும்

இனி ஒரு தாதியாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். செல்வநாயகத்துக்குப் பாக்கின்சன் நோய் இருந்தது. நடுக்குவாதம் என்று நாம் சொல்லுவோம். காதும் வரவரக் கேட்காமல் போயிற்று. சிகிச்சைக்காக இங்கிலாந்துக்கும் போனார்.

நான் தமிழ்நாட்டில் தாதிப் பயிற்சி பெற்று, இங்கே வந்து உதவித் தாதியாகத் தொடங்கி, பிரெஞ்சில் மறுபடியும் படித்துத் தாதியானவள். இப்போது வேலை செய்வது முதியோர் பிரிவில். பாக்கின்சன் உள்ளவர்களைத் தினமும் பார்க்கிறேன். கை நடுங்குவது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், குரல் உள்ளே போய்விடும். முகத்தின் தசைகள் இறுகுவதால், சிரித்தாலும் சிரிப்புத் தெரியாது. எழுத்து வரவரச் சிறுத்துப் போகும். நாற்காலியிலிருந்து எழும்புவதற்கே மனதுக்குள் பல தடவை முயல வேண்டும். மூளை தெளிவாக இருக்கும், உடல் கேட்காது. பக்கத்தில் இருப்பவர்கள் பொறுமையில்லாமல் அவருக்காகத் தாங்களே பேசிவிடுவார்கள். நோயாளிக்கு அதுதான் பெரிய வேதனை.

இப்படிப்பட்ட உடம்போடு ஒருவர் தேர்தல் மேடையில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கி இருந்தாலும் குரல் பின்வரிசைக்குப் போய்ச் சேராது. ஆனாலும் கூட்டம் அமைதியாக இருந்து கேட்டது என்று அம்மம்மா சொல்லுவார். பெரிய சத்தம் போட்டுப் பேசத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்த அரசியலில், குரல் இல்லாத ஒருவரைத் தந்தை என்று மக்கள் அழைத்தார்கள். எங்கள் பிரிவில் ஒரு வயதானவர் ஒரு வசனம் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் எடுக்கும்போது, எனக்கு அவசரம் வந்தால் இதை நினைத்துக்கொள்வேன்.

பதவியை விட்டுவிட்டுக் கேட்ட வாக்கு

1972 மே 22ஆம் திகதி இலங்கை குடியரசானது. புதிய யாப்பில் தமிழருடைய கோரிக்கைகளுக்கு இடம் கிடைக்கவில்லை. முந்திய யாப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த பாதுகாப்பும் நீங்கியது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, மே 14ஆம் திகதி, தமிழர் கூட்டணி திருகோணமலையில் உருவாகியிருந்தது. பழைய போட்டியாளர் ஜி.ஜி. பொன்னம்பலமும், மலையகத் தலைவர் சௌ. தொண்டமானும் அவரோடு ஒன்றாக நின்றார்கள். 24 வருடங்களுக்கு முன் மலையக மக்களின் காரியத்தில் பிரிந்தவர்கள், மலையகத் தலைவரையும் சேர்த்துக்கொண்டு கைகோத்தது எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

அந்த வருடம் ஒக்டோபரில் செல்வநாயகம் தம் ஆசனத்தை விட்டு விலகினார். இந்த யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்று தாம் சொல்வது சரியா பிழையா, இடைத்தேர்தல் வைத்து மக்களிடமே கேளுங்கள் என்றார். தோற்றால் எல்லாம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். 1952ஐ அவர் மறந்திருக்க மாட்டார்.

அரசாங்கம் தேர்தலை வைக்காமல் இழுத்தது. ஒரு வருடம் போயிற்று. இரண்டு வருடம் போயிற்று. நோயும் முதுமையும் கூடிக்கொண்டிருந்தன. கடைசியில் இரண்டு வருடமும் நான்கு மாதமும் சென்ற பின், 1975 பெப்ரவரி 6ஆம் திகதி வாக்கெடுப்பு நடந்தது. அரசாங்கத் தரப்பில் பொதுவுடைமைக் கட்சியின் வி. பொன்னம்பலம் போட்டியிட்டார். செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகள். எதிராளிக்கு 9,457. வித்தியாசம் 16,470. அவருக்கு 77 வயது ஆக இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

அந்த வாக்குகளில் ஒன்று என் அம்மம்மாவுடையது. காலையிலேயே சமையலை முடித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, அயல்வீட்டுப் பெண்களோடு நடந்து போனாராம். அவருக்குத் தம் பெயரை எழுதத்தான் தெரியும். ஆனால் எங்கே புள்ளடி போட வேண்டும் என்று தெரியும்.

இறுதி நாட்கள்

1976 மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டைத் தொகுதியில் கூடிய மாநாட்டில், சமஷ்டி கேட்டு வந்த அவரே தனிநாட்டுத் தீர்மானத்துக்குத் தலைமை தாங்கினார். 27 வருடங்கள் ஒன்றாக வாழ வழி தேடிய பிறகு அவர் வந்து சேர்ந்த முடிவு அது. அதற்குப் பின் நம் நாட்டில் நடந்தவை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் பேச விரும்பும் நாளில் கேளுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

1977 பெப்ரவரியில் ஜி.ஜி. பொன்னம்பலம் காலமானார். ஏப்ரல் 26ஆம் திகதி செல்வநாயகமும் கண்மூடினார். வீட்டில் தவறி விழுந்து தலையில் அடிபட்டதே காரணம். பாக்கின்சன் உள்ளவர்களுக்கு நாங்கள் எப்போதும் அஞ்சுவது அந்த விழுகையைத்தான். சைவர், கிறிஸ்தவர் என்ற வேறுபாடின்றி மக்கள் திரண்டு வந்து அழுதார்கள். யாழ்ப்பாணத்தில் பொது நூலகத்துக்கு அருகே அவருடைய நினைவுத் தூபி நிற்கிறது. அவர் வாழ்ந்த தெல்லிப்பழையும் காங்கேசன்துறையும் 1990க்குப் பின் நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயமாகி, மக்கள் இல்லாத ஊர்களாயின. என் அம்மம்மா இடம்பெயர்ந்த ஊரில்தான் இறந்தார்.

பிள்ளைகள் ஞாபகம் வைக்க அவருடைய தேர்தல்கள்

(எல்லாம் காங்கேசன்துறைத் தொகுதியில்)

1947: வெற்றி (தமிழ்க் காங்கிரஸ்)
1952: தோல்வி (இதுமுதல் தமிழரசுக் கட்சி, 2 ஆசனங்கள்)
1956: வெற்றி (10 ஆசனங்கள்)
1960 மார்ச்: வெற்றி (15 ஆசனங்கள்)
1960 யூலை: வெற்றி (16 ஆசனங்கள்)
1965: வெற்றி (14 ஆசனங்கள்)
1970: வெற்றி (13 ஆசனங்கள்)
1975 இடைத்தேர்தல்: வெற்றி

எட்டுத் தடவை நின்றார். ஏழு தடவை வென்றார். ஆனால் அவர் கேட்டவற்றில் எதுவும் அவர் உயிரோடிருக்கும்போது நிலைக்கவில்லை. அப்படியானால் அவர் வென்றவரா தோற்றவரா என்று ஞாயிறு பாடசாலையில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பேசிப் பாருங்கள். என்னிடம் ஒரே விடை இல்லை. எங்கள் பிரிவில் குணமாகி வீட்டுக்குப் போகமாட்டார்கள் என்று தெரிந்தவர்களையும் நாங்கள் தினமும் குளிப்பாட்டி, தலை வாரி, சுத்தமான உடுப்புப் போட்டு விடுகிறோம். அந்த வேலை வீண் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

கடைசியாகப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலர் இப்போது பிரெஞ்சுப் பிரசைகள். பிள்ளைகள் பலர் பதினெட்டு வயதை எட்டிவிட்டார்கள். ஆனால் தேர்தல் நாளில் வேலை, களைப்பு, நமக்கென்ன என்று வீட்டில் இருந்துவிடுகிறோம். யாருக்கு வாக்களிப்பது என்பது உங்கள் மனச்சாட்சி. போகாமல் இருக்க மட்டும் வேண்டாம். பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்று வில்லியே லே பெல் மேரியில் கேட்டால் சொல்லுவார்கள். ஏழு இலட்சம் பேரிடமிருந்து பறிக்கப்பட்ட ஒன்றுக்காக ஒரு மனிதர் தம் வசதியான வாழ்வை விட்டு வந்தார். நடுங்கும் கையோடு இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு தேர்தலுக்காகக் காத்திருந்தார். அது நம் கையில் இருக்கிறது.

கர்த்தர் நமது சபையையும், நாம் விட்டுவந்த ஊர்களையும், நாம் வாழும் இந்த ஊரையும் ஆசீர்வதிப்பாராக.

சபையின் சகோதரி ஒருவர், தாதி
வில்லியே லே பெல்